எலும்பு முறிவு மட்டும்

வேண்டுமென்றேதான் மாடியிலிருந்து குதித்தேன்.

கால் மடங்கி விழுந்தேன். திரையின் ஓரத்தில் எலும்புக் குறி சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. முறிவு. எனக்கு வேண்டியது அதுதான்.

நான் உட்கார்ந்திருந்தது செருப்புக் கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். மதியச் சாப்பாட்டு நேரம். மடியில் டிபன் பாக்ஸ், கையில் போன். போனுக்குள் இடிந்துபோன ஒரு நகரம், சுற்றிலும் எதிரிகள், எங்கள் அணியில் நானும் என் தங்கையும்.

தங்கை அல்ல. தங்கையின் பெயரில் நுழைந்திருக்கும் யாரோ. அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் குதித்தேன்.

கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபிறகு, நாங்கள் பார்த்துக்கொள்வது இந்த விளையாட்டில்தான். நான் சுடுவேன், அவள் வைத்தியம் பார்ப்பாள். ரத்தம் வழிந்தால் பேண்டேஜ், தீக்காயத்துக்குக் களிம்பு, விஷப்புகைக்கு ஊசி. இதெல்லாம் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எந்தக் கத்துக்குட்டியும் செய்துவிடும்.

முறிவுதான் சிரமம். இடது கட்டைவிரலால் எலும்பை நகராமல் அழுத்திக்கொண்டு, வலது விரலால் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

என் தங்கை அதில் புலி. "அய்யோ அம்மா" என்று நான் முழுசாகக் கத்தி முடிப்பதற்குள் கட்டு விழுந்திருக்கும். கூடவே என் காதில் அவள் திட்டும் விழும்.

ஒரு வாரமாக எல்லாம் தலைகீழ். நடக்கிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள், மறுபடி நடக்கிறாள். நடந்துகொண்டே திரும்பத் தெரியவில்லை. எனக்கு முறிவு என்றால் மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. மைக் கெட்டுப்போச்சாம். எழுதிக் கேட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி பதில் வருகிறது.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் எடுத்தால், இரண்டும் ஒரே அளவுதானா என்று அடியைத் திருப்பிப் பார்க்காமல் விற்கமாட்டேன்.

இப்போது சந்தேகம் மாப்பிள்ளை மேல். வாய்க்கு வாய் "அக்கா" என்று தேனொழுகப் பேசுவார். நான் எப்போது கூப்பிட்டாலும் அவள் போனை அவர்தான் எடுப்பார். "அவ தூங்குறாக்கா. அந்த கேமை நானும் இப்பதான் கத்துக்கிட்டிருக்கேன்க்கா." அக்காவும் தங்கையும் என்ன பேசிக்கொள்கிறோம் என்று ஆழம் பார்க்க, அவள் பெயரில் அவரே உள்ளே வந்திருக்கிறார். இதுதான் என் கணக்கு.

நேற்றே வாயைக் கிளறிப் பார்த்தேன். நம்ம வீட்டுப் பூனை பேர் என்ன என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "ஏது பூனை, சிடு" என்று வந்தது.

பதில் சரிதான். எங்கள் வீட்டில் பூனையே இருந்ததில்லை. சிடுமூஞ்சியின் சுருக்கம்தான் சிடு. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது.

ஆனாலும் என் மனசு ஆறவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் இதையெல்லாம் கறந்துவிட எவ்வளவு நேரமாகும்?

இதோ வந்துவிட்டாள். நடந்து, நின்று, திரும்பி. என் காலருகே குனிந்தாள்.

பேண்டேஜ் போட்டாள்.

ஒரு சொட்டு ரத்தம் வராத காலுக்கு! எலும்புக் குறி அப்படியே மின்னியது. இன்னொன்று போட்டாள். இன்னொன்று. கையிருப்பையெல்லாம் என் காலில் சுற்றித் தீர்த்தாள். அப்புறம் களிம்பையும் பூசினாள்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வசமாக மாட்டிக்கொண்டார் மாப்பிள்ளை.

"நீ என் தங்கச்சி இல்ல" என்று எழுதினேன். "தங்கச்சின்னா எலும்பைக் கட்டு."

எதிரிகளின் காலடிச் சத்தம் நெருங்கியது. அவள் ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள். பதில் ஊர்ந்து வந்தது.

"சிடு. அதுக்கு ரெண்டு கை வேணும்."

அடுத்த வரி அதைவிட மெதுவாக வந்தது.

"இடது கை முறிஞ்சிருக்கு."

டிபன் பாக்ஸ் மடியிலிருந்து சரிந்தது. நான் குனியவில்லை.

போனை எங்கோ சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரே விரலால் நடந்து, நின்று, அதே விரலால் திரும்பி, இத்தனை நாளும் என்னிடம் வந்துகொண்டிருந்தவள் அவளேதான். நான் அவளைப் பிடித்து வெளியே தள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"எப்படிடி?" என்று எழுதினேன்.

அவள் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. நின்றுவிட்டன.

பிறகு பதில் வந்தது. முழுசாக, கண் மூடித் திறப்பதற்குள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் அக்கா. கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்ல."

திரையில் என் தங்கை மறுபடி என் காலருகே குனிந்தாள்.

இடது கட்டைவிரல் ஒன்று எலும்பை அழுத்திப் பிடித்தது. வலது விரல் ஒன்று துணியைச் சுற்றியது. முதல் தடவை பிசகியது. இரண்டாம் தடவை கட்டு விழுந்தது.

எலும்புக் குறி அணைந்தது. என் கால் சரியாகிவிட்டது.

சிந்திய சோற்றை மிதித்துக்கொண்டு, பஸ் பிடிக்க ஓடினேன்.