பாகற்காய்த் தம்ளர்

"இனிப்பு நாக்குல பட்டு ரெண்டு வருசமாச்சு சம்மந்தி. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச அன்னைக்கு விட்டது, விட்டதுதான்" என்றார் காளிராஜ், சுகர் பரிசோதனை முகாமுக்கு வந்திருந்த முப்பது பேருக்கும் கேட்கும்படி.

பக்கத்து நாற்காலியில் இருந்த அய்யாதுரை மரியாதையாகத் தலையை ஆட்டினார். காளிராஜுக்குச் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ். அய்யாதுரைக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி. காளிராஜின் மகள் பிரீத்திதான் அய்யாதுரைக்கு மருமகள். இரண்டு பேர் நெஞ்சிலும் ஸ்டென்ட் இருந்தது. அதை வைத்த பிறகு இரண்டு பேரும் சுகர் டெஸ்ட் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். "இதய நோய் உள்ளவங்கள்ல நிறையப் பேருக்குச் சுகர் இருக்கு. இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. சுகரும் சேர்ந்துட்டா, அட்டாக் வந்தாக்கூட வலி தெரியாமப் போகலாம். உங்க ஊர் கணக்குல சொன்னா, திரி புகையாமலே வெடிச்சிடும்."

காளிராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரஸ் மேஜை டிராயரில், லேபிள் சாம்பிள்களுக்கு அடியில் ஒரு பால்கோவா டப்பா நிரந்தரமாகக் குடியிருப்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். ரிப்போர்ட் போகப்போவதோ மனைவி வீரலட்சுமியின் போனுக்கு.

ஆளுக்கொரு காலிக் குப்பி கொடுத்திருந்தார்கள். அதில் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. கோடு கோடாகப் பார்கோடு மட்டும்தான்; எந்தக் கோடு யாருடையது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. முறை வரும்போது அதைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்தால் ரத்தம் எடுப்பார்கள்.

காளிராஜின் போன் அடித்தது. "இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க சம்மந்தி" என்று குப்பியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். தீபாவளி ஆர்டர் பற்றி யாரிடமோ கத்திவிட்டுத் திரும்பியபோது, அய்யாதுரை எழுந்து நின்று இரண்டு கையாலும் குப்பியை நீட்டினார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இத்தனை மரியாதையா என்று காளிராஜுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் அய்யாதுரை பாத்ரூம் போக எழுந்தார். அவர் குப்பி நாற்காலியிலேயே கிடந்தது.

காளிராஜ் அதைப் பார்த்தார். சம்மந்தி ஒல்லியான மனுஷன், தினமும் காலையில் நடப்பவர். அவர் ரத்தத்தில் சுகர் இருக்க வாய்ப்பே இல்லை. காலமெல்லாம் லேபிளை வைத்தே பிழைத்தவருக்கு ஒரு குப்பியை மாற்றி வைப்பது பெரிய வேலையா? மாற்றிவிட்டார். தன்னுடைய சுகர் சம்மந்தி பேரில் வந்தால் என்ன, இன்னும் நாலு நடை கூட நடப்பார், நல்லதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. காளிராஜ், வெறும் வயிற்றில் 286.

முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் குப்பி மாறியது நினைவுக்கு வந்து முகம் மலர்ந்தார். ஆக, இது சம்மந்தியின் ரத்தம்.

சற்று நேரத்தில் அய்யாதுரையே போன் செய்தார். "எனக்குத் தொண்ணூத்தி நாலு சம்மந்தி. ஒங்களுக்கு எம்புட்டு?"

"எரநூத்தி எம்பத்தாறு."

"அம்புட்டா?" என்று அய்யாதுரை ஈனக் குரலில் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நம் மேல் எவ்வளவு பாசம் என்று காளிராஜ் நெகிழ்ந்துபோனார்.

வீரலட்சுமி சீனி டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். டாக்டரைப் பார்க்கச் சொல்லி நச்சரித்தாள். "பாப்போம், பாப்போம்" என்று காளிராஜ் நழுவினார். தொண்ணூற்று நாலு உள்ளவனுக்கு டாக்டர் எதற்கு? பிரஸ்ஸில் பால்கோவா இரண்டு வேளையானது.

நாலாம் நாள் அந்தப் பால்கோவா தொண்டையில் இறங்க மறுத்தது. பாவம், தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு திரிகிறார் மனுஷன். திரி புகையாமல் வெடித்துவிட்டால்? சொன்னால் மகள் வாழும் வீட்டில் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டிக்குக் கிளம்பினார். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பிரீத்திக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டார்.

அய்யாதுரை முகம் வாடி உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் பச்சை நிறத்தில் ஒரு தம்ளர்.

"பாகற்காய் ஜூஸ்ப்பா" என்றாள் பிரீத்தி. "தொண்ணூத்தி நாலு வந்தும் மாமா இதத்தான் தெனமும் குடிக்காக. நீங்களும் இருக்கீகளே." பால்கோவாவை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

காளிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சம்மந்தி, செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுறேன். முகாம்ல நீங்க பாத்ரூம் போனீகள்ல, அப்ப நம்ம குப்பிய மாத்தி வச்சுட்டேன். இனிப்பத் தொடலன்னு சொன்னதும் பொய். அந்த எரநூத்தி எம்பத்தாறு என்னோடது இல்ல, ஒங்களோடது. இன்னைக்கே டாக்டரப் பாருங்க."

அய்யாதுரை கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தார்.

"நீங்க மாத்துனது, போன் பேசிட்டு வந்த பொறகா?"

"ஆமா, பொறகுதான்."

அய்யாதுரையின் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"இனிப்பே தொடலன்னு அம்புட்டுச் சத்தமாச் சொன்னீகளே, சுத்தமான ரத்தம்னு நம்பி, நீங்க போன் பேசப் போனப்ப நானும் ஒரு தடவ மாத்தினேன் சம்மந்தி. நீங்க திருப்பி மாத்துனதுல அவுகவுக குப்பி அவுகவுககிட்டயே வந்துருச்சு" என்றவர், பாகற்காய்த் தம்ளரைக் காளிராஜ் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பிரீத்தி, அப்பா கொண்டாந்த பால்கோவாவ எடுத்துட்டு வாம்மா."