மூடியின் நாலாவது விண்ணப்பம்

குயவர் கூட்டுறவுக் கடையில் இருந்த மண்பாண்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தன. உறுப்பினர்களுக்கு வாசலைப் பார்த்த முன்வரிசைப் பலகை. மற்றவர்களுக்கு மூலையில் வைக்கோல். விதி ஒன்றே ஒன்றுதான்: தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். தட்டிப் பார்ப்பது செயலாளரான தட்டுப்பலகையின், அதாவது குயவர் பானையைத் தட்டி உருவாக்கும் கட்டையின், வேலை.

குழம்புச்சட்டியின் மூடிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கக் கொள்ளை ஆசை. மூன்று தடவை விண்ணப்பித்தது. மூன்று தடவையும் ‘டிக்’கென்றுதான் கேட்டது.

“என்னம்மா இது, பல்லி கத்துற மாதிரி? ஓசைன்னா எப்படி இருக்கணும்னு கேட்டுக்க,” என்பார் தலைவர் தண்ணீர்ப்பானை. உடனே தட்டுப்பலகை அவரை ஓங்கி ஒரு தட்டு தட்டும். ‘டங்!’ சபையே சொக்கிப் போகும். யார் விண்ணப்பித்தாலும் இந்தக் கச்சேரி உண்டு.

நாலாவது தடவையும் மூடி போய் நின்றது.

“கேட்டுக்க,” என்றார் தலைவர். தட்டுப்பலகை தட்டியது.

‘டொக்.’

தலைவரின் விலாவில் மயிரிழை போல ஒரு கீறல். மூடிக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

தட்டுப்பலகை தொண்டையைச் செருமிக்கொண்டது. “ஓசை விதி இந்த நிமிஷத்திலிருந்து ரத்து. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

ஒருவருக்கும் இல்லை.

“அப்போ நான்?” என்றது மூடி.

“வாம்மா, வா! நீ எப்பவோ வந்திருக்க வேண்டியவ,” என்று தலைவரே தன் முன்னால் இடம் காட்டினார். மூடி அங்கே சாய்ந்து உட்கார்ந்தால் அவருடைய கீறல் வெளியே தெரியாது.