லிஃப்டில் தொங்கிய பெட்டி

“இருபத்திரண்டு காட்டுது. இன்னும் ரெண்டு கிலோ எடுக்கணும்” என்றார் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

லிஃப்டின் கூரையில் ஒரு கொக்கி உண்டு. வீடு மாற்றுகிறவர்கள் சாமான் உரசாமல் திரை கட்டுவதற்காகப் போட்டது. அதில் சுருள்வில் தராசு, தராசில் அவர் மனைவியின் பெட்டி. விமானத்தில் இருபது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள்.

மனைவி தையல் டீச்சர். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறாள். அத்தனை நாள் தனியாக இருக்க வாத்தியாருக்கு மனமில்லை. போகாதே என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மாற்றுத்துணி குறைந்தால் சீக்கிரம் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

லிஃப்ட் மேலே கிளம்பும் அந்த நொடி, தொங்குகிற எதுவும் கூடுதல் எடை காட்டும். பாதி ஆயுள் அதைத்தான் கரும்பலகையில் எழுதியிருந்தார். வீடு இருந்த நான்காம் மாடியில் பெட்டியை மாட்டுவார், மொட்டைமாடிக்கு அழுத்துவார், முள் துள்ளியதும் படித்துவிட்டுச் சட்டென்று கழற்றிவிடுவார். வீட்டிலேயே பார்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு, தூக்கிப் பிடித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பதில் வைத்திருந்தார்.

அவள் முதலில் கம்பளிக் கோட்டை எடுத்தாள். அடுத்த நடையில் நல்ல துணிகளை எடுத்தாள். எடுத்ததை மடித்து அலமாரியில் வைத்தாள். அவருக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

கடைசியில் பத்து நாளைக்குத்தான் துணி மிஞ்சியது. வாத்தியார் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் கிளம்பும்போது பெட்டி மறுபடியும் கனத்தது. என்ன வைத்தாய் என்று பதறிப்போய்க் கேட்டார்.

“துணிதான் கனம்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் துணிக்குப் பதிலா தையல் மெஷினை வெச்சுட்டேன். வேணுங்கிறதை அங்கேயே தெச்சுக்கறேன்.”

மேலே போனால் முள் எப்படியும் இருபதைத் தாண்டும், மெஷினை இறக்கிவிடலாம் என்று அவரே பெட்டியைத் தராசில் மாட்டினார். டாக்சி வாசலில் நின்றதால் அவள் தரைத்தளத்தை அழுத்தினாள். லிஃப்ட் இறங்கக் கிளம்பியதும் முள் பதினேழுக்குச் சரிந்தது.

“பரவாயில்லையே, இன்னும் இடமிருக்கே” என்றவள் மகளுக்குப் போன் போட்டாள். “திரும்பற டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடும்மா. மெஷின் வருது, ஒரு வருஷம்கூட இருக்கலாம்.”

இறங்கும்போது தராசு குறைத்துத்தான் காட்டும் என்று சொல்ல வாயெடுத்த வாத்தியார், அப்படியானால் ஏறும்போது என்ன காட்டும் என்று அவள் கேட்பாளே என்று வாயை மூடிக்கொண்டார்.