மரம் தொடங்கும் உயரம்

கதவு மூடும் நேரத்தில் புர்கி ரோப் காருக்குள் ஏறினாள். உள்ளே ஸெவெரினும் அவன் மனைவி வலேரியும் மட்டும் நின்றிருந்தார்கள்.

தற்செயல் என்று சொல்ல முடியாது. அவர்கள் கிளம்பும்வரை கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"என்ன புர்கி, இன்னைக்கு வியன்னாக்காரங்களோட சவாரியா? பல்லு தேச்சியா?" என்று வெளியிலிருந்து கத்தினான் ரோப் கார் ஓட்டும் லோயிஸ்.

"உன்னை மாதிரி பண்டிகைக்குப் பண்டிகை இல்லடா. தினம் தேய்க்கிறேன்."

வலேரி சிரித்தாள். பெட்டி நகர்ந்தது.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். உச்சியில் இருக்கும் சாப்பாட்டு விடுதியைப் பூட்டி எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டார்கள், சமையல்காரி புர்கி உட்பட.

இந்த மலையில் ஒரு வழக்கம். மரங்கள் முடிந்து வெறும் பனி தொடங்கும் உயரத்துக்கு மேலே எல்லோருக்கும் எல்லோரும் நீ. டாக்டரும் நீ, மந்திரியும் நீ, தட்டு கழுவுகிறவளும் நீ. கீழே மரம் வந்துவிட்டால் அந்நியர்கள் மறுபடியும் நீங்கள். பனிச்சறுக்க வருகிறவர்களுக்கு இதில் ஒரு குஷி.

புர்கி அந்த வழக்கத்தில்தான் பிழைத்தாள்.

வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து வேலைக்கு வந்தவள். இங்கே அவள் கதை யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் ஒரு வாரம் ஸெவெரின் வருவான், மாமனாரின் ஓட்டல்களைக் கவனித்துக்கொள்கிறவன். "புர்கி, இன்னும் கொஞ்சம் பிளம் சாறு ஊத்து" என்பான். "உன் முழங்கால் இப்போ எப்படி இருக்கு?" என்பான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

முதல் வருஷம் அவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. அவள் வேறொன்று கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது என்பது அந்தக் கரண்டியோடு முடிவானது.

ஆனால் மறு வருஷமும் வந்தான். அதுதான் அவளைக் கெடுத்தது.

கீழே அவனோடு பேசியதில்லை. இன்றுதான் முதல் தடவை. மரம் வந்த பிறகும் அவன் ஒரே ஒரு முறை நீ என்றுவிட்டால் போதும். வாய் தவறியாவது.

பெட்டி காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"கம்பியைப் பிடிச்சுக்கோ, புர்கி," என்றான்.

பிடித்துக்கொண்டாள்.

குட்டைப் பைன்கள் வந்தன. பிறகு காடே வந்தது. ஸெவெரின் தன் சறுக்குப் பலகைகளின் நுனியைப் பார்த்தான்.

வலேரிதான் பேசினாள். மரத்தைக் கண்டதும் அவள் நாக்கு தானாக மாறிவிட்டிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லார் தட்டுலயும் காஞ்ச திராட்சை போடுறீங்க. இவர் தட்டுல மட்டும் ஒரு வருஷமும் இருந்ததில்ல. இவருக்கு அது ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும். சில மூஞ்சிக்குத் திராட்சை இறங்காது."

வலேரி சிரித்தாள். "இவங்க அம்மாதான் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துட்டுக் குடுப்பாங்களாம். பாவம், இவர் பள்ளிக்கூடம் போற வயசுலயே செத்துட்டாங்க."

பெட்டி ஒரு தூணைக் கடந்து குலுங்கியது.

"எதுல செத்தாங்க?" என்று கேட்டாள் புர்கி.

"நுரையீரல்ல ஏதோன்னார்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

வலேரி கணவனைப் பார்த்தாள். அவன் பலகை நுனியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் பேச மாட்டார்," என்றாள் வலேரி தணிந்த குரலில். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?" என்றாள்.

"ஒரு பையன்," என்றாள் புர்கி. "மேல இருக்கான்."

வலேரி கண்ணாடி வழியாக உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பனிச்சரிவு இந்தப் பக்கம் யார் யாரைக் கொண்டுபோகும் என்று அவளும் கேள்விப்பட்டிருப்பாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் புர்கியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க. கேட்டிருக்கக் கூடாது."

"பரவாயில்ல," என்றாள் புர்கி. "பழகிருச்சு."

பெட்டி நிலையத்தில் இடித்து நின்றது. ஸெவெரின் முதலில் இறங்கி மனைவிக்குக் கை கொடுத்தான். படியில் பனி உறைந்திருந்தது. புர்கிக்கும் கையை நீட்டினான்.

"பாத்து இறங்குங்க," என்றான்.

அவள் பார்த்து இறங்கினாள்.