சத்தம் வருது, படம் வரல

"சத்தம் வருது. படந்தான் வரலைக்கா" என்றான் எழிலரசன்.

டிவி கறுப்பாகக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து அலைச் சத்தமும், "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று யாரோ தொண்டை கிழியக் கத்துவதும் மட்டும் கேட்டன. செவந்தி வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"உள்ள வந்து உக்காருங்கக்கா."

உள்ளே வந்தவள் பீரோக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். காற்றில் அவிழ்ந்துகிடந்த கூந்தலை அள்ளி முடிந்து, வேர்வையில் கலைந்த குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாள். நெஞ்சு பதறும்போதும் கை தன் பாட்டுக்கு வழக்கமான வேலையைச் செய்துவிடுகிறது.

விடிகாலைச் சூறைக்காற்றில் ஜெகதாப்பட்டினத்துப் படகு ஒன்று கோடியக்கரைப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. அதில் போன நால்வரில் அவள் புருசன் நாகராசுவும் ஒருவன். மூன்று பேரை உயிரோடு தூக்கிவிட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார் என்று டிவியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. யார் அந்த ஒருவர் என்று மட்டும் ஒரு சானலிலும் சொல்லவில்லை. கோடியக்கரைக்குக் கிளம்பிப்போன மீனவர் சங்கத்துத் தலைவருக்குப் போன் போகவில்லை.

"டிவியில மூஞ்சிய மறைச்சு மறைச்சுக் காட்டுறாங்க தம்பி. ஒன் டிஷ்ஷுல மறைக்காம வரும்னு ஒங்கண்ணன்தான் ஒரு தடவ சொன்னாரு."

உண்மைதான். கரையில் நிற்கும் டிவிக்காரர்களின் வேன், எடுத்த படத்தை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வானத்துக்கு அனுப்பும். அதை நடுவழியில் பிடித்துப் பார்ப்பது, ஐஸ் கம்பெனி வேலை போக எழிலரசனுக்கிருந்த ஒரே கிறுக்கு.

அதற்காக வாங்கிய எட்டடி டிஷ்ஷை மொட்டைமாடிக்குத் தோளில் சுமந்து ஏற்றியவனே, அவன் அண்ணன் என்று கூப்பிடும் நாகராசுதான். ஏற்றி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "நான் கடல்ல வலை போடுறேன், நீ வானத்துல போடுறியாக்கும்! என்னைக்காச்சும் உருப்படியா ஒண்ணு மாட்டுச்சுன்னா என்னையக் கூப்புடுடா."

எழிலரசன் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். "இந்தப் பெட்டிக்கு வீட்டுக்கு வர்ற படந்தான்க்கா தெரியும். இது டிவிக்காரங்க தங்களுக்குள்ள அனுப்பிக்கிறது, அந்த வகைப் படத்த 'ஃபோர் டூ டூ'ம்பாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா தொறக்கும்."

மூலையிலிருந்த மேசைக் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகி, பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் செவந்தி இருந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டரின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"யாரு பேரச் சொல்லித் தம்பி சாமி கும்பிடுறது?" என்றாள் மெல்ல. "எம்புருசன் பொழைச்சு வரணும்னு கும்பிட்டா, இன்னொருத்தி புருசன் வரவேணாம்னு கும்பிட்டதா ஆயிருதே. நாலு பேரும் நம்ம ஆளுகதான."

எழிலரசன் மவுஸை அழுத்தினான்.

திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெறித்தது. பிறகு மணல் தெரிந்தது, கால்கள் தெரிந்தன, ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்தது. கேமராக்காரன் கிட்டே போகவும், காற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கவும் சரியாக இருந்தது.

நாகராசு.

தாடியில் மணல் ஒட்டியிருந்தது. கண்கள் இரண்டும் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தன. இன்றைக்குத்தான் எழிலரசன் வானத்தில் போட்ட வலையில் ஒன்று மாட்டியிருந்தது. கூப்பிட்டுக் காட்டத்தான் நாகராசண்ணன் இல்லை.

எழிலரசன் நாற்காலியோடு ஒருபக்கமாகச் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டான். திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்தான்.

"படம் வந்துருச்சா தம்பி?"

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் யாருமில்லாத இந்த அறையில், தாங்கிப் பிடிக்க ஒரு பொம்பளை கூட இல்லாமல், தன் வாயால் எப்படிச் சொல்வது? தலைவர் வருவார், நாலு பேர் கூட வருவார்கள். அதுவரைக்குமாவது இவள் நெற்றிக் குங்குமம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான்.

"வரலைக்கா" என்றான். "இதுலயும் சத்தம் மட்டுந்தான் வருது."

செவந்தி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தபடியே இருந்தாள். பீரோவுக்கு மேலே பின்சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தைக் கும்பிடுகிறாள் என்று எண்ணி, அவன் அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தான்.

"சரி தம்பி. நீ என்ன செய்வ, பாவம்." முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "மத்த மூணு பேரு வீட்டுக்காரிகளும் ஐஸ் கம்பெனி வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிறாளுக. போயிச் சொல்லிட்டு வாரேன்."

"சொல்லுங்கக்கா. படம் வந்தா நானே ஓடியாரேன்."

தப்பித்தோம் என்று ஒரு கணம் இருந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அவள் பீரோக் கண்ணாடியைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

"அங்கிட்டு யாருக்காச்சும் போனப் போட்டு, ஒங்கண்ணன் கண்ண மூடிவிடச் சொல்லு தம்பி."