ஆறிலிருந்து ஏழு வரை

"இன்னிக்கும் அந்த மனுஷன் காலி வண்டிக்குச் சூடு போட்டுட்டார்," என்றாள் டூரிட், சமையலறை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

"யாரு?" கணவர் ஹால்வோர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேற யாரு, பக்கத்து வீட்டு ஸ்வெர்ரேதான். எழுபத்திரண்டு வயசு. வேலை கிடையாது, வெட்டி கிடையாது. மைனஸ் முப்பத்தெட்டுல காலங்கார்த்தால அவர் கார் எதுக்குச் சூடாகணும்?"

டூரிட்டின் எரிச்சலில் நியாயம் இருந்தது. வரிசை வீடுகளுக்கு முன்னால் திறந்தவெளியில்தான் மின்சார வண்டிகள் நிற்கும். இரண்டு வீட்டுக்கு ஒரு சார்ஜ் கம்பம். ஒரு வண்டியைச் சொருகினால் முழு மின்சாரம். இரண்டைச் சொருகினால் பாதிப் பாதி. வண்டிக்குச் சூடு போடுவதும் அதே மின்சாரத்தில்தான். உறைந்த பாட்டரியில் சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும். ராத்திரி முழுக்கப் போட்டாலும் பற்றாது.

அவள் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் நர்ஸ். ஏரிக்கு அப்பால் தனியாக இருக்கும் கிழவருக்கு எட்டு மணிக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். எண்பது சதவீதம் சார்ஜ் இல்லாமல் கிளம்பினால் திரும்பி வர முடியாது. போன வாரம் நாலு சதவீதத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டு, பல் தந்தியடிக்க வீடு வந்து சேர்ந்தாள்.

அதனால்தான் குடியிருப்போர் கூட்டத்தில் அவளே சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தாள். கம்பத்தில் பலகையே தொங்குகிறது: 'காலை ஆறிலிருந்து ஏழு வரை வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.'

இரண்டு வாரமாக ஸ்வெர்ரே அதை மதிக்கவில்லை.

நேரில் போய்க் கேட்டால் சண்டை, சீட்டு எழுதி வைத்தால் மரியாதை. டூரிட் வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் மரியாதையாக நாலு சீட்டு எழுதி அவர் வண்டியின் வைப்பருக்கு அடியில் செருகியிருந்தாள். வெளியில் நின்று எழுதியதால் பென்சிலில். பேனா மை உறைந்துவிடும்.

"நாலாவது சீட்டுல 'கண்ணு தெரியலையா'ன்னே கேட்டுட்டேன். பதிலே இல்ல. என்ன திமிர் பாரு."

"விடேன், வயசானவர்."

"உனக்கு எல்லாரையும் விட்டுடணும். சரி, நீ கிளம்பு. பஸ் வர்ற வரைக்கும் என் வண்டியில ஏறி உக்காந்துடாதே. ஹீட்டர் போட்டா உள்ள சார்ஜும் போயிடும்."

"டிசம்பர்லயே சொல்லிட்டே."

ஹால்வோர் வேலை பார்க்கும் மரப்பட்டறை எதிர்த்திசையில் இருந்தது. கொண்டுபோய் விட்டால் டூரிட்டுக்குச் சார்ஜ் காணாது. இந்தக் குளிரில் பஸ் ஆறேகாலுக்கும் வரும், ஏழுக்கும் வரும். வண்டிகள் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு வெறும் கம்பம்தான் பஸ் ஸ்டாப். அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

"மஃப்ளரை மூக்கு வரைக்கும் சுத்திக்கோ. நான் காய்ச்சிக் குடுத்த பழச்சாறால இப்பத்தான் இருமல் நின்னு ரெண்டு வாரமாச்சு."

"ஆமாம். ரெண்டு வாரமாச்சு," என்று சொல்லிவிட்டு ஹால்வோர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆறு நாற்பதுக்குத் தன் வண்டியின் சார்ஜைப் போனில் பார்த்தாள். எழுபத்து மூன்று சதவீதம். நகர்வதாக இல்லை.

போதும் மரியாதை என்று தோன்றியது. கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தாள்.

ஸ்வெர்ரே கம்பளி உள்ளாடையோடு, கையில் காப்பிக் கோப்பையோடு வந்தார்.

"உங்களுக்குப் பலகை படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

"வாம்மா டூரிட். காப்பி குடிக்கிறியா?"

"நாலு சீட்டு எழுதி வச்சேன். ஒண்ணுக்காவது பதில் சொன்னீங்களா?"

"சீட்டா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"இதுல பொய் வேற."

அவள் விடுவிடுவென்று கம்பத்தை நோக்கி நடந்தாள். அவர் ஒரு கோட்டை மேலே போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"பிளக்கைப் பிடுங்கிடாதேம்மா. இன்னும் பஸ் வரல."

"பஸ்ஸுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

டூரிட் பிளக்கில் கை வைத்தாள்.

ஸ்வெர்ரேயின் வண்டியில், பின்சீட்டுக் கண்ணாடியை உள்ளிருந்து யாரோ துடைத்தார்கள். துடைத்த கையுறை அவள் பின்னிக் கொடுத்தது. அதற்குப் பின்னால் ஹால்வோரின் முகம் தெரிந்தது. மஃப்ளர் மடியில் கிடந்தது. அதன்மேல் பென்சிலில் எழுதிய நாலு சீட்டுகள்.

"பலகையில இருக்கிறபடிதாம்மா செய்றேன்," என்றார் ஸ்வெர்ரே. "வேலைக்குப் போறவருக்குத்தான் சூடு போடறேன். ஸ்டாப்ல நின்னு அவர் இருமறது என் படுக்கையறை வரைக்கும் கேட்டுது. மனசு கேக்கல."

டூரிட் பிளக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"உனக்குச் சார்ஜ் பத்தலைன்னு ஒரு தடவை வந்து கேட்டிருந்தா என் வண்டியையே குடுத்திருப்பேனே. நூறு சதவீதம் நிக்குது. இப்பவும் எடுத்துட்டுப் போ."

டூரிட்டுக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கணவர் மேல்தான் காட்ட முடிந்தது. கார் கதவைத் திறந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஹால்வோர் சீட்டுகளை ஒழுங்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"எப்படிச் சொல்றது டூரிட்? உன் பழச்சாறாலதான் எனக்கு இருமல் நின்னுதுன்னு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியே."