கவிழ்த்த தட்டு

பக்ரீத்துக்கு முந்தின நாள் அந்தக் கிர்கிஸ் ஊரில் எல்லா வீட்டிலும் மாவுத் துண்டுகள் பொரித்தார்கள். காயும் எண்ணெயின் வாசம்தான் இறந்தவர்களுக்குச் சாப்பாடு. அனார்குல் செத்துப்போன கணவனின் பெயரைச் சொல்லி முதல் துண்டைப் போட்டாள்.

"மிர்லான் பேரையும் சொல்லிடுங்க அத்தை," என்றாள் மருமகள் ஜில்திஸ். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அவள் கணவன் மிர்லானிடமிருந்து நாலு வருடமாகத் தகவல் இல்லை.

"எம்புள்ள வந்து வாயால தின்பான். உனக்கென்ன அவசரம்?"

"செத்திருந்தா இத்தனை வருஷமாப் பட்டினியால்ல கெடப்பாரு?"

அனார்குல் பொரித்ததில் மகனுக்கென்று கொஞ்சம் எடுத்து, வாசம் வெளியே போகாதபடி மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கை சுட்டது. ஜில்திஸ் அடுப்புப் பக்கம் திரும்பியதும் மேல்தட்டை ஒரு விரல் அளவு தூக்கினாள்.